48-ல் 1 என்றால் பயப்பட வேண்டுமா?

டாக்டர், எனக்கு வயது 37. முதல் கர்ப்பம், 13-வது வாரம். என்.டி. ஸ்கேனோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'ப்ரீஎக்லாம்சியா ரிஸ்க் 48-ல் 1' என்று வந்திருக்கிறது. பி.எல்.ஜி.எஃப். குறைவாம். பிபி 110/70 தான். ஆனாலும் தினம் ராத்திரி ஆஸ்பிரின் 150 போடச் சொல்கிறார்கள். "ஹார்ட் பேஷன்ட் மாத்திரையை மாசமா இருக்கிறவளுக்கா?" என்று மாமியார் தடுக்கிறார். வீட்டில் உப்பையும் குறைத்துவிட்டார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

முதலில் கணக்கு. உங்களைப் போல ரிப்போர்ட் வந்த 48 பேரில் ஒருவருக்கு, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு ப்ரீஎக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் நோய், வரலாம். மற்ற 47 பேருக்கு அப்படி ஆகாது. ஆனால் 100-ல் 1 என்ற கோட்டை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். அதனால்தான் மாத்திரை.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, இந்த நோய் முற்றி வலிப்போடு வரும் கர்ப்பிணிகளுக்கென்று வெளிச்சம் குறைத்த ஓர் அறை இருந்தது. மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுவிட்டு, விடிய விடிய முழங்காலைத் தட்டி ரிஃப்ளெக்ஸ் பார்த்துக்கொண்டிருப்போம். இதை 12-வது வாரத்து ரத்தத்திலேயே ஊகிக்கலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இப்போது பிபி சரியாக இருக்கிறதே என்கிறீர்கள். பிபி ஏறுவது பொதுவாக 20 வாரத்துக்கு அப்புறம்தான். கோளாறு அதற்கு வெகுமுன்பே நஞ்சுக்கொடியில் தொடங்கிவிடுகிறது. கர்ப்பப்பையின் சின்ன ரத்தக் குழாய்களை நஞ்சுக்கொடி அகலப்படுத்திக்கொள்ள வேண்டும், வாய்க்காலை வெட்டி அகலமாக்குவது போல. அது சரியாக நடக்காவிட்டால் ரத்த ஓட்டம் குறையும். நஞ்சுக்கொடி சுரக்கிற பி.எல்.ஜி.எஃப். என்ற புரதமும் குறையும். டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் பார்க்கிற பாப்-ஏ என்ற புரதம் கூட இப்படிக் குறையலாம். ஆனால் ரத்தம் மட்டும் போதாது. வயது, எடை, முந்தைய பிரசவம், ஸ்கேனில் கர்ப்பப்பை ரத்தக் குழாயின் ஓட்டம், பிபி எல்லாம் சேர்ந்துதான் அந்த 48. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு பிபி எடுத்திருந்தால் கணக்கே மாறும். ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் உங்கள் எடையும் வாரமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தவறாக ஏறிய ரிப்போர்ட்டுகள் என் மேஜைக்கும் வந்திருக்கின்றன.

ஆஸ்பிரினுக்கு வருகிறேன். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ரிஸ்க் அதிகமுள்ள பெண்களுக்கு 36 வாரம் வரை தினம் இரவு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்சியா, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6. அதற்குப் பின் வருவதை அது பெரிதாகத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், ஆகவே வீட்டில் வாக்குவாதத்தில் நாளைக் கடத்தாதீர்கள். வயிற்றுப் புண், ஆஸ்துமா, ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தால் மட்டும் முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம், பிபி 140/90 - இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், உப்பைக் குறைப்பதால் இந்த நோய் தடுக்கப்படுவதில்லை. நான் சொன்னதாகச் சொல்லி, சாம்பாரில் வழக்கம்போல உப்புப் போடச் சொல்லுங்கள்.