தாங்குசுவர் கட்டுவோர் கவனத்துக்கு: கண்ணுக்குத் தெரியாத பாதிக்கும் சேர்த்தே விலை கேளுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் புக்கிட் தீமா வட்டாரத்தில் பழைய தரைவீடு ஒன்றில் வசிக்கிறோம். பின்புறத்து அண்டை வீட்டு நிலம் எங்கள் நிலத்தைவிட ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். இடையில் உள்ள செங்கல் சுவர் எங்கள் பக்கம் சாய்ந்து, நடுவில் உப்பியிருக்கிறது. ஒரு குத்தகையாளர், அதே இடத்தில் புதுச் செங்கல் சுவர் எழுப்பிச் சாந்து பூசித் தருவதாகவும், பொறியாளரோ அனுமதியோ தேவையில்லை என்றும் சொல்கிறார். மற்றொருவர் பொறியாளரின் வரைபடத்துடன் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் என்கிறார். அவர் கேட்கும் விலை இரு மடங்குக்கும் மேல். கான்கிரீட் என்பதற்காகவா இவ்வளவு கூடுதல்?

பதில்: விலைக்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவர் வயிறு தள்ளி நிற்கிறது என்றால் அது ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் ஓரமாகத் துணி உலர்த்துவதையும் பிள்ளைகள் விளையாடுவதையும் இன்றே நிறுத்துங்கள். அடியில் பாத்தி வெட்டவோ மண்ணைத் தோண்டவோ யாரையும் விடாதீர்கள். சுவரின் கால் முன்னால் வழுக்காமல் பிடித்திருப்பதில் அந்தச் சிறிதளவு மண்ணுக்கும் பங்கு உண்டு. நிபுணத்துவப் பொறியாளர் ஒருவரை உடனே வரவழைத்துக் காட்டுங்கள்.

இனி விலை. அந்த இருவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லவில்லை. வேலிச் சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும்; உயரமான பக்கத்து மண்ணைத் தடுத்து நிற்கும் தாங்குசுவரை அந்த மண் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். நீர் நன்கு வடியும் மணற்பாங்கான மண் 2 மீட்டர் உயரத்துக்கு நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தோராயமாக 1.2 டன் விசையுடன் தள்ளும். அதே மண்ணில் மழைநீர் வெளியேற வழியின்றி முழு உயரத்துக்கும் தேங்கிவிட்டால் அந்த விசை 2.5 டன்னை எட்டிவிடும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. போதாததற்கு, உங்கள் வட்டாரத்தில் கருங்கல் சிதைந்து உருவான மண், காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் உறுதியாக நிற்பதுபோல் தோன்றி, நனைந்து ஊறியதும் அந்தப் பிடிப்பை இழந்துவிடும். அதனால்தான் பல ஆண்டுகள் அசையாமல் நின்ற சுவர்கூட நீண்ட மழைக்குப் பின் சாய்கிறது.

உயரத்தின் கணக்கையும் மனத்தில் வையுங்கள். சுவர் இரு மடங்கு உயர்ந்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகவும், அதைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகவும் ஆகும். ஒரு மீட்டர்ச் சுவரை நன்றாகக் கட்டினேன், இதையும் அப்படியே கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

செங்கல்லா கான்கிரீட்டா என்பது இங்கே உண்மையான கேள்வி அன்று. கருங்கல்லைக் கனமாக அடுக்கித் தன் எடையாலேயே நிற்கும் சுவரும், துளைக் கட்டிகளுக்குள் கம்பி இறக்கி உள்ளே கான்கிரீட் நிரப்பிய சுவரும் முறையாகக் கணக்கிட்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கம்பியில்லாத மெல்லிய செங்கல் சுவரால் இழுவிசையைத் தாங்க முடியாது. மண் தள்ளும்போது சுவர் வளைந்து, மண் பக்கத்து இணைப்புகள் முதலில் பிளக்கும். கான்கிரீட் சுவரிலும் முதன்மைக் கம்பிகள் மண் பக்கமாகவே இருக்க வேண்டும். கம்பி கட்டிய நாளில் அவை உங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் நிற்பதைக் கண்டால், கான்கிரீட் ஊற்ற விடாமல் பொறியாளரை அழையுங்கள்.

உங்கள் இடத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அடித்தளம். இத்தகைய கான்கிரீட் சுவருக்கு உயரத்தில் பாதி முதல் பத்தில் ஏழு பங்கு வரை அகலமான அடித்தளம் வழக்கமாகத் தேவைப்படும். உங்களுக்கு அது 1 முதல் 1.4 மீட்டர். அண்டை வீட்டாரின் இசைவின்றி அவர்களுடைய நிலத்தின் அடியில் அதை நீட்ட முடியாது. உங்கள் பக்கமாகவே முன்னீட்டி வடிவமைத்தால் பின்முற்றத்தில் அந்த அகலம் போகும். செங்கல் சுவர் சொன்னவர் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், அவருடைய விலை ஏன் குறைவு என்பது புரிந்துவிடும். பழைய சுவரையும் ஒரே மூச்சில் இடித்துவிடக் கூடாது. சிறு சிறு துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக இடித்துக் கட்டினால்தான் மேலேயுள்ள நிலம் சரியாமல் இருக்கும். பக்கத்து நிலத்துக் கட்டடத்துக்கும் மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தோண்டும்போது அவர்கள் வீட்டுக்குச் சேதம் வந்தால் பொறுப்பு உங்களையும் தேடி வரும். வேலை தொடங்கும் முன்பே அவர்களிடம் பேசி, சுவர் எவருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை நில அளவையாளரைக் கொண்டு உறுதி செய்து, இரு வீடுகளின் வெடிப்புகளையும் தேதியிட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

அனுமதி தேவையில்லை என்பது தவறான பேச்சு. மிகக் குட்டையான சுவர்களைத் தவிர மற்றவற்றுக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் வரைபட ஒப்புதலும், கட்டமைப்புப் பணி தொடங்க அனுமதியும் பெற வேண்டும். எல்லைச் சுவரின் உயரத்துக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரம்பும் உண்டு. குத்தகையாளருக்கு உரிமம் இருக்கிறதா என்பதைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் இணையப் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். பொறியாளரை நீங்களே நேரடியாக நியமித்துக் கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். குத்தகையாளரிடம் சம்பளம் வாங்குபவரால் அவரைத் தட்டிக் கேட்பது கடினம்.

விலைப்பட்டியலில் ‘சுவர், இத்தனை மீட்டர்’ என்று ஒற்றை வரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். சுவருக்குப் பின்னால் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சரளைக்கல், அதற்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டும் துணி, அடியில் துளையிட்ட வடிகுழாய், அது எந்தக் கால்வாயில் போய் முடிகிறது, சுவரில் 75 மில்லிமீட்டர் நீர்க்கசிவுத் துளைகள் எத்தனை மீட்டருக்கு ஒன்று, கான்கிரீட்டின் வலிமைத் தரம், கம்பியை எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கும், மண்ணை எத்தனை மில்லிமீட்டர் அடுக்குகளாக இடித்து இறுக்குவார்கள் என்பவை ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கட்டும். மண் மூடிய பிறகு இவற்றில் எதையும் நீங்கள் பார்க்க முடியாது. ஆகவே மண் நிரப்பும் கட்டத்துக்கான தவணையை, பொறியாளர் அந்த வடிகாலைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அன்று நீங்களும் போய், வடிகுழாயின் மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கால்வாய் முனையில் அது தெளிவாக வந்து விழ வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு மண் போட விடாதீர்கள்.

கேள்வி: செடி வைப்பதற்காகத் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதற்கும் பொறியாளர் வேண்டுமா?

பதில்: சமதளத்தில், மேலே கார் நிறுத்துமிடமோ வேலிச் சுவரோ இல்லாமல், 50 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நல்ல கொத்தனார் போதும். வடிகால் துளைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். சரிவில் இப்படிப் பல சுவர்களைப் படிப்படியாக, நெருக்கமாகக் கட்ட எண்ணினால், மேற்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் மேல் இறங்கும். அப்போது அவற்றைத் தனித்தனிக் குட்டைச் சுவர்களாகக் கருத முடியாது. பொறியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: பாசிர் பாஞ்சாங்கில் எங்கள் தாங்குசுவர் கட்டி எட்டு மாதமாகிறது. குறுக்காக நீண்ட வெடிப்பு ஒன்று வந்துள்ளது. சாந்து வெடிப்புத்தான், பூசிவிடுகிறேன் என்கிறார் குத்தகையாளர். நம்பலாமா? பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டா?

பதில்: தலைமுடிபோல் மெல்லியதாய் வலைப்பின்னலாக இருந்தால் சாந்தாக இருக்கலாம். தரைக்கு இணையாக நீண்டு, விளிம்பில் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றால், சுவர் வளைகிறது என்று ஐயப்பட வேண்டும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டுகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெருமழைக்கு மறுநாள் சுவரின் நீர்க்கசிவுத் துளைகளைப் பாருங்கள். துளைகள் காய்ந்துகிடக்க, அவற்றுக்கு இடைப்பட்ட சுவர் ஈரம் பூத்து வெள்ளை உப்புக் கோடுகளுடன் இருந்தால், பின்னால் தண்ணீர் அடைபட்டிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். கட்டட, கட்டுமான ஆணையம் பிற கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியுள்ள குறித்தகாலக் கட்டமைப்புச் சோதனை, குடியிருக்க மட்டும் பயன்படும் தரைவீடுகளுக்குக் கிடையாது. எனவே இந்தக் கண்காணிப்பு உங்கள் பொறுப்பாகிறது.

நிவாரணத்துக்கு முதலில் குத்தகையாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது. பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடி சமரசம் பேசலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம்; அங்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை, ஆனால் 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சுவரை இடித்துக் கட்டும் செலவு அந்த வரம்பைத் தாண்டினால் வழக்கறிஞரிடம் போங்கள். ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் பொதுவாக 6 ஆண்டு. எந்த வழியில் போனாலும், குத்தகையாளருடன் தொடர்பில்லாத பொறியாளரின் அறிக்கைதான் உங்கள் முதன்மைச் சான்று. அவர் வந்து பார்த்து அளந்து முடிக்கும் வரை அந்த வெடிப்பின் மேல் சாந்து பூச யாரையும் அனுமதிக்காதீர்கள்.