வாசகர் கேள்வி – பதில்: எலும்பு சொல்வதும் படம் சொல்வதும்

டைனோசர் ஆவணப்படங்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: திரையில் காண்பதில் எவ்வளவு உண்மை? அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: பிபிசியின் 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடரைப் பார்த்த என் எட்டு வயது மகன், "இதைப் படம் பிடித்தவர்களை அது கடிக்கவில்லையா அம்மா?" என்று கேட்கிறான். இவற்றை எப்படி எடுக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

புலியையும் யானையையும் ஒளிந்திருந்து படம் பிடிப்பவர்களின் பாணியிலேயே டைனோசரையும் காட்ட வேண்டும் என்பதுதான் அந்தத் தொடரை உருவாக்கிய டிம் ஹெயின்ஸின் எண்ணம். ஆகவே உங்கள் மகனுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 1999 இல் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பான அந்தத் தொடருக்காக, படப்பிடிப்புக் குழுவினர் நியூசிலாந்து, சிலி, டாஸ்மேனியா, நியூ கலிடோனியா போன்ற இடங்களுக்குப் போய், விலங்கே இல்லாத வெறும் நிலக்காட்சிகளை முதலில் எடுத்தார்கள். பின்னால் கணினியில் சேர்க்கப்போகும் விலங்கு ஒரு புதரை விலக்கிக்கொண்டு வர வேண்டுமென்றால், அந்தப் புதர் படப்பிடிப்பின்போதே அசைந்திருக்க வேண்டும். அது ஆற்றில் இறங்க வேண்டுமென்றால், தண்ணீர் அப்போதே தெறித்திருக்க வேண்டும். இல்லாத விலங்கின் எடையை நிலத்தில் காட்டும் இந்த வேலையை மனிதர்கள்தான் செய்தார்கள். சிற்பிகள் செய்த மாதிரி உருவங்களை வருடிக் கணினியில் ஏற்றி, லண்டனின் ஃபிரேம்ஸ்டோர் நிறுவனத்தார் அவற்றுக்கு அசைவு கொடுத்தார்கள். முகத்தை மிக அருகில் காட்டும் இடங்களில் பெரும்பாலும் இயந்திரப் பொம்மைத் தலைகளே பயன்பட்டன. "காட்டை மட்டும் உண்மையாகப் படம் பிடித்தார்கள், விலங்கைப் பிறகு வரைந்து சேர்த்தார்கள்" என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அவன் வளர்ந்த பிறகு சொல்வதற்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. டைனோசர் காலத்தில் புல் இருந்ததில்லை என்று அன்று கருதப்பட்டதால், புல் முளைக்காத நிலங்களைத் தேடியே அந்தக் குழு அலைந்தது. இன்றைய உலகில் பசுமையான ஓர் இடத்தில் புல் இல்லாத பரப்பைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் வீட்டுக் கொல்லையைப் பார்த்தாலே உணரலாம். ஆனால் 2005 இல், மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்னும் ஊரில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்தை வந்தனா பிரசாத், அசோக் சாஹ்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதற்குள் புல்லின் சிலிக்காத் துணுக்குகள் இருப்பதைக் கண்டார்கள். நெற்பயிரின் தாளை விரலால் உருவினால் தோல் கீறுகிறதே, அதற்குக் காரணமான அதே சிலிக்காதான். புல் தாள் மட்கி மறைந்த பிறகும் அந்தத் துணுக்கு தன் வடிவம் மாறாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்கிறது. டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டத்தில் இந்திய மண்ணில் பல வகைப் புற்கள் வளர்ந்திருந்தன என்பதும், நீண்ட கழுத்துடைய டைனோசர்கள் அவற்றைத் தின்றன என்பதும் இப்படித்தான் உறுதியாயின.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: எலும்பை வைத்து உருவத்தைச் சொல்லலாம், நிறத்தை எப்படிச் சொல்கிறார்கள்? வெறும் கற்பனைதானே?

பெரும்பாலான விலங்குகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் 1996 இல் அறிவிக்கப்பட்ட சைனோசாராப்டெரிக்ஸ் என்னும் சிறிய டைனோசரின் புதைபடிவத்தில், முதுகிலிருந்து வால் வரை மெல்லிய இழைகளின் தடம் கருமையாகப் படிந்திருக்கிறது. நம் தலைமுடிக்கும் பறவையின் இறகுக்கும் நிறம் தருகிற நிறமியைத் தாங்கும் நுண்பைகள், அளவில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே இருப்பவை, அந்த இழைகளுக்குள் கல்லாகி நிலைத்திருப்பதை 2010 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்றைய பறவைகளில் நீண்டிருக்கும் பைகள் கறுப்புக்கும் சாம்பலுக்கும் உரியவை. உருண்டையாக இருப்பவை செம்பழுப்புக்கு உரியவை. சைனோசாராப்டெரிக்ஸின் வாலில் கருமையாகத் தெரியும் பட்டைகளில் உருண்டைப் பைகளே இருந்தன. ஆகவே அதன் வால் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி அமைந்த பட்டைகளைக் கொண்டிருந்தது என்று முடிவு செய்தார்கள்.

இப்படிச் சான்று கிடைத்த இனங்கள் மிகக் குறைவு. டைரனோசாரஸ் ரெக்ஸுக்குக் கிடைத்திருப்பவை செதில் பதிந்த சில தோல் தடங்கள் மட்டுமே. அதன் நிறம் எந்தப் படத்தில் எப்படிக் காட்டப்பட்டாலும் அது ஓவியரின் தேர்வுதான்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: டைனோசர் உண்மையில் அப்படி உறுமியதா?

சிங்கத்தைப் போல வாயை அகலத் திறந்து உறுமியதற்குச் சான்று இல்லை. டைனோசருக்கு நெருங்கிய உறவினராக இன்று வாழ்பவை பறவைகளும் முதலைகளுமே. மாடப்புறா அலகை மூடிக்கொண்டே குனுகுவதை உங்கள் வீட்டுக் கார்னிசிலேயே பார்த்திருப்பீர்கள். தொண்டை மட்டும் புடைத்து அடங்கும். நெருப்புக்கோழியும் அப்படித்தான் அடித்தொண்டையில் முழங்குகிறது. பெரிய டைனோசர்கள் பலவும் வாயை மூடியபடி, காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணரக்கூடிய தாழ்ந்த ஒலியை எழுப்பியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாராசாரலோஃபஸ் மட்டும் சற்று வேறுபட்டது. அதன் தலைக்குப் பின்னே நீண்டிருக்கும் கொண்டைக்குள் மூச்சுக் குழாய்கள் மேலே ஏறி மடங்கி இறங்குகின்றன. நியூ மெக்சிகோவில் கிடைத்த ஒரு மண்டையோட்டை 1990களில் சி.டி. ஸ்கேன் செய்து, அந்தக் குழாய்களில் காற்று போனால் என்ன ஒலி எழும் என்று கணினியில் கணக்கிட்டபோது, ஊதுகொம்பை ஒத்த ஆழ்ந்த ஒலி கிடைத்தது. ஆவணப்படங்களில் வரும் டைனோசர் குரல்களில் எலும்பின் ஆதாரம் ஓரளவேனும் உள்ள அரிய குரல் இது.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: பழைய தொடர்களில் நிறையத் தவறுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தவறுகள் உண்டு, சில பெரிய தவறுகள். 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடரில் லியோப்ளூரோடான் என்னும் கடல் ஊர்வன 25 மீட்டர் நீளமும் 150 டன் எடையும் கொண்டதாகக் காட்டப்பட்டது. அந்த விலங்கின் உண்மையான நீளம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பதுதான் இன்றைய கணிப்பு. இறகு இருந்திருக்க வேண்டிய யூட்டாராப்டர் அதில் வெறுந்தோலுடன் வருகிறது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு: உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் அந்தத் தொடரின் வர்ணனை ஒரே குரலில், ஒரே உறுதியுடன் சொல்லிக்கொண்டு போகிறது. பார்க்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிடுகின்றன.

2022 இல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் டேவிட் ஆட்டன்பரோவின் வர்ணனையுடன் வெளிவந்த 'ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடரும் துணிந்து ஊகிக்கிறது. அதில் கார்னோட்டாரஸ் என்னும் ஆண் விலங்கு, தரையைச் சுத்தம் செய்து மேடை அமைத்து, தன் குட்டைக் கைகளை நீல நிறம் பளிச்சிட விரித்துச் சுழற்றி, பெண் விலங்கின் முன் ஆடுகிறது. 1984 இல் அர்ஜென்டினாவில் தோண்டி எடுக்கப்பட்ட எலும்புக்கூடு நமக்குச் சொல்வது இவ்வளவுதான்: கை மிகக் குட்டை, ஆனால் தோள் மூட்டோ எந்தப் பக்கமும் திரும்பும்படி உருண்டையானது. இரை பிடிக்க உதவாத கைக்கு இத்தனை அசைவு எதற்கு என்ற கேள்வியிலிருந்து, இன்றைய பறவைகளின் ஆட்டத்தைத் துணையாகக் கொண்டு, அந்த நடனத்தைக் கட்டினார்கள். நீல நிறத்துக்கும் ஆட்டத்துக்கும் எலும்பில் சான்று இல்லை. எனினும் இது பொறுப்புள்ள ஊகம் என்றே நான் மதிக்கிறேன். காரணம், எந்தச் சான்றிலிருந்து எந்தக் காட்சி பிறந்தது என்பதை ஆய்வாளர்களே விளக்கும் குறும்படங்களையும் அவர்கள் தொடருடன் சேர்த்து வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு முதலில் அந்தக் குறும்படங்களைக் காட்டுங்கள். பழைய தொடரையும் தாராளமாகக் காட்டலாம், பக்கத்தில் உட்கார்ந்து, எது மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: தமிழ்க் குரலில் ஒளிபரப்பாகும் படங்களில் ஆண்டுக் கணக்கு ஆளுக்கு ஒரு விதமாக வருகிறதே?

இது என்னையும் வருத்துகிற குறை. ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். டைனோசர்கள் மறைந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஒரு தொலைக்காட்சியில் இதை "66 லட்சம் ஆண்டுகள்" என்று வாசித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். 66 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்பது நம் மூதாதையரின் கிளையும் சிம்பன்சிகளின் கிளையும் பிரிந்த காலத்தை ஒட்டியது. ஒரே ஒரு சொல் பிசகினால் டைனோசரும் மனிதனின் முன்னோரும் ஒரே காட்டில் நடமாடியதாகிவிடும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். கூடவே, பறக்கும் டெரோசார்களும் கடலில் நீந்திய மோசசார்களும் டைனோசர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். குரல் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் டைனோசர் என்றே அழைத்துவிடுகிறார்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இந்த ஆவணப்படங்களில் இந்தியாவுக்கு இடம் உண்டா? நம் ஊரில் டைனோசர் இருந்ததா?

இடம் உண்டு, மிகக் குறைவாக. 'ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடரின் இரண்டாவது பருவத்தில், 2023 இல், தக்காணத்து எரிமலை நிலத்தைக் கடந்து முட்டையிடப் போகும் ஐசிசாரஸ் கூட்டமும், அவற்றின் குஞ்சுகளை வேட்டையாடும் ராஜாசாரஸும் வருகின்றன. ராஜாசாரஸ் நர்மதைக் கரையோர எலும்புகளைக் கொண்டு 2003 இல் பெயரிடப்பட்டது. மேலே சொன்ன கார்னோட்டாரஸுக்கு உறவு. கோதாவரிப் படுகையில் கிடைத்த பாராபாசாரஸ் டாகோரேயின் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெயரின் பிற்பகுதி தாகூரின் நினைவாக வைத்தது.

ஆனால் முழுநீளப் படம் எடுக்கத்தக்கது குஜராத்தின் தோலி துங்ரியில் கிடைத்த ஒரு கல்தான். அதை முதலில் ஆராய்ந்த தனஞ்சய் மோகபே, முட்டைகளும் ஒரு டைனோசர் குஞ்சும் இருப்பதாக எழுதினார். பின்னர் ஜெஃப்ரி வில்சன் அதே கல்லைப் பார்த்தபோது, குஞ்சினுடையவை என்று கருதப்பட்ட எலும்புகளுக்கு நடுவே பாம்பின் முதுகெலும்புகள் இருப்பதைக் கண்டுகொண்டார். சுமார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு, நசுங்கிய ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சு. மேலும் இரண்டு முட்டைகள் உடையாமல் இருக்கின்றன. குஞ்சு வெளிவரக் காத்திருந்த பாம்பையும் சேர்த்து அந்த நொடியில் மண் சரிந்து மூடியிருக்கிறது. சனாஜே என்று பெயரிடப்பட்ட அந்தப் பாம்பைப் பற்றிய ஆய்வு 2010 இல் வெளிவந்தது. இங்கே ஊகிக்க வேண்டியதே மிகக் கொஞ்சம். காட்சி கல்லிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, அரியலூர்ப் பகுதி அக்காலத்தில் பெரும்பாலும் கடல். அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்தில் ஓர் அம்மோனைட்டை, அதாவது மறைந்துபோன கடல் உயிரி ஒன்றின் கல்லாகிய ஓட்டை, கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்: சாளக்கிராமத்தில் காணும் அதே சுருள், வரிவரியாக, உள்ளே போகப் போக நெருங்கிக்கொண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உருண்டைக் கற்கள் கிடைக்கும்போதெல்லாம் "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவுகிறது. 2020 இல் பெரம்பலூர் மாவட்டத்தில் அப்படிப் பரவியபோது, அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவுகள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள்.

அதே பகுதியின் கல்லமேட்டில் மெய்யான டைனோசர் எலும்புகளும் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் அவற்றுக்குப் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பெருத்த உடலுடைய பல்லி என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். ஊனுண்ணி என்று முதலில் எண்ணியது, பிறகு நீண்ட கழுத்துடைய இனம் என்று கருதப்பட்டது. அதன் எடையை நூறு டன்னுக்கு மேல் கணக்கிடுவோரும் இருக்கிறார்கள். அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் பொடிந்து போய்விட்டன. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே. உலகத்தின் மிகப் பெரிய நிலவிலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றி யாரேனும் படம் எடுக்க முன்வந்தால், அளந்து பார்க்க அவர்களுக்கு நாம் கொடுக்க இன்று ஓர் எலும்புகூட இல்லை.