பரிணாம வகுப்பு வேண்டாம் என்று இங்கிலாந்துப் பள்ளியில் சொல்ல முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு. இயர் 6 (10-11 வயது வகுப்பு) படிக்கும் மகனுக்குப் பரிணாமப் பாடம் வருகிறது, வீட்டு நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை, அதை மட்டும் விட்டுவிடலாமா? சிபிஎஸ்இயிலிருந்து வந்து இயர் 10-இல் சேரும் மகள் உயிரியலில் சமாளிப்பாளா?

முதலாவது முடியாது. பெற்றோர் விலக்கு கேட்கக்கூடியவை சமயக் கல்வி, கூட்டு வழிபாடு, பாலியல் கல்வியில் ஒரு பகுதி, இவ்வளவுதான். 2015 செப்டம்பர் முதல் பரிணாமம் இயர் 6 அறிவியலில் கட்டாயப் பாடம். சர்ச் பள்ளிக்கு மாற்றினால் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், அரசு நிதியில் நடக்கும் சர்ச் பள்ளியிலும் அறிவியல் வகுப்பில் இதே பாடம்தான்.

சமயக் கல்வியிலிருந்து மட்டும் அவனை எடுத்துவிடாதீர்கள். படைப்பு பற்றி உங்கள் வீட்டில் சொல்வதை அவன் கைதூக்கிப் பேச இடமிருப்பது அங்கேதான்.

இயர் 6 பாடம் பயப்படும்படி இருக்காது. புதைபடிவம், பெற்றோருக்கும் குட்டிக்கும் உள்ள வேறுபாடு, தகவமைப்பு. பல பள்ளிகளில் பறவை அலகு விளையாட்டு வைப்பார்கள், கையில் இருக்கும் கருவிதான் அலகு: ஒருவனுக்கு இடுக்கி, ஒருவனுக்கு ஸ்பூன், இன்னொருவனுக்குத் துணி கிளிப், தட்டில் அரிசி, கொண்டைக்கடலை. அரை நிமிடத்தில் யார் அதிகம் பொறுக்குகிறார்கள்? பிள்ளைகள் தடுக்குவது இதற்குப் பிறகு. "அரிசி சாப்பிட வேண்டும் என்பதால் பறவை அலகை மாற்றிக்கொண்டது" என்று எழுதிவிடுவார்கள். நம் மொழியில் அந்தக் 'கொண்டது' இயல்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது, தப்பும் அதிலேயே இருக்கிறது. எந்தப் பறவையும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பொருத்தமான அலகோடு பிறந்தவை அதிகம் பிழைத்துக் குஞ்சு பொரித்தன.

மகளுக்கும் அதே பள்ளம்தான், கொஞ்சம் ஆழமாக. சிபிஎஸ்இ பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி, 10-ஆம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தை நீக்கிவிட்டதால் அவளுக்கு அடித்தளம் இருக்காது. தமிழ்நாட்டுப் பாடநூலின் 10-ஆம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே இருக்கிறது; இறக்கிப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி எந்தத் தேர்வு வாரியம் என்று முதல் வாரமே கேளுங்கள். அது ஏக்யூஏ வாரியமாக இருந்தால், பரிணாமம் உயிரியல் இரண்டாம் தாளில் 4.6 பகுதி. டிரிபிள் சயின்ஸ் (உயிரியல், வேதியியல், இயற்பியல் தனித்தனிப் பாடமாக) எடுத்தால் லாமார்க், வாலஸ், மெண்டல் ஆகிய விஞ்ஞானிகளும், புதிய இனம் தோன்றுதலும் கூடுதலாக வரும். மூன்றையும் சேர்த்துப் படிக்கும் கம்பைன்டில் இவை இல்லை.

தேர்வில் அடிக்கடி வருவது ஆன்டிபயாடிக் எதிர்ப்பு. "பாக்டீரியாவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்ற பொருளில் எழுதினால் மதிப்பெண் போச்சு. வரிசையாக எழுத வேண்டும்: தற்செயலான மரபணு மாற்றம், அது இல்லாதவை மருந்தில் சாவது, இருப்பவை பிழைத்துப் பெருகுவது, எதிர்ப்புள்ள வகை பரவுவது. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ பாக்டீரியா உதாரணம் போதும்.

உயிர் முதன்முதலில் எப்படித் தோன்றியது என்பது ஜிசிஎஸ்இயில் (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) கிட்டத்தட்ட இல்லை. ஊரில் படித்த மில்லர்-யூரி சோதனை (ஆதிப் பூமியின் வாயுக்கள் என்று கருதியவற்றில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலம் உண்டாக்கியது) ஏக்யூஏ பாடத்திட்டத்தில் இப்போது கிடையாது. நெருங்கி வருவது வேதியியல் இரண்டாம் தாள்தான்: 460 கோடி ஆண்டுப் பூமி, எரிமலை வாயுக்கள், சுமார் 270 கோடி ஆண்டுக்கு முன் ஆக்சிஜன் விடத் தொடங்கிய பாசி. அங்கே 'ஆதாரம் ஏன் குறைவு?' என்றும் கேட்பார்கள். காலம் அவ்வளவு பழையது, நேரில் அளந்தவர் யாருமில்லை என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.