மறுமொழி: புளோக் தோட்டத்து உரத்தொட்டி நாறுகிறது

வணக்கம். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே 120 லிட்டர் தொட்டியில் சமையலறைக் கழிவு போடுகிறீர்கள், அழுகிய முட்டை வாடை, புழு, மேல்மாடிக்காரர்கள் புகார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாடையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: உள்ளே காற்றில்லை, ஈரம் அதிகம். (அமோனியா நெடி என்றால் காய்கறித்தோல் போன்ற ஈரமான பச்சைக்கழிவு கூடிவிட்டது. இரண்டுக்கும் மருந்து காய்ந்த இலைதான்.)

எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டுங்கள். தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் 10 செ.மீ.க்கு ஒன்றாக 10 மி.மீ. துளை போடுங்கள். அடியில் அரைச் சாண் உயரம் குச்சிகள். பிறகு 1 வாளி கழிவுக்கு 3 வாளி காய்ந்த இலை கலந்து திரும்ப நிரப்புங்கள். இலைக்குக் காசு வேண்டாம். புளோக் கூட்டும் துப்புரவு ஊழியரிடம் நனையாத மூட்டையாகக் கேளுங்கள். தூங்குமூஞ்சி மரத்து இலை மட்டும் போட்டால் பொடியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும், பெரிய இலையோடு கலக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. புதுக்கழிவை நடுவில் புதைத்து மேலே 5 செ.மீ. இலை மூடுங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள்.

சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். வேண்டாம்; தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவாகப் பறந்துவிடும். கோப்பிக்கடைக் காப்பித்தூள் சக்கையும் பச்சைக்கழிவுக் கணக்குதான், பழுப்பு நிறத்தைப் பார்த்துக் காய்ந்த இலைபோல என்று ஏமாறாதீர்கள். சோறு, கறி, மீன் போட்டால் எலி வரும்.

தடித்த பழுப்புப் புழு கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவாக இருக்கலாம். கடிக்காது, கழிவைத் தின்னும், விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் நீருக்குத்தான்: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தினமும் கொட்டிவிடுங்கள்.