சின்னவளைப் பற்றி நான்கு வரி

அன்புள்ள அம்மாவுக்கு, கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 41. கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். இரண்டு பெண் பிள்ளைகள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் ரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே வாஞ்சை, இருதயம் சுத்தமாக இருக்க வேண்டும். “இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்” என்ற வசனத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் என் இருதயம் சுத்தமாகவே மாட்டேன் என்கிறது.

என் நாத்தனார் திருவொற்றியூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடகு வைக்க என் மூன்று சவரன் சங்கிலியைக் கொடுத்தேன். என் அம்மா போட்ட சங்கிலி. மீட்டதும் தருகிறேன் என்றாள். மீட்டும் விட்டாள், தரவில்லை. போன வருஷம் அவள் மகள் நிச்சயதார்த்தத்தில் அந்தப் பெண் கழுத்தில் பார்க்கிறேன், கொக்கி பக்கத்தில் அம்மா பற்றவைத்த இடம்கூடத் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன். கர்த்தருக்காக மன்னித்துவிட்டேன் அம்மா. ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்தச் சங்கிலிதான் கண் முன்னால் நிற்கிறது.

சபையிலும் சமாதானம் இல்லை. ஆராதனையில் பாட்டு நடத்திக்கொண்டிருந்தது நான். புதிதாக ஒரு குடும்பம் வந்தது, சபைக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள், இப்போது மைக் அவர்கள் மருமகள் கையில். அவள் நன்றாகத்தான் பாடுகிறாள். நான் பொறாமைப்படவில்லை. ஆனால் அவள் பாடும்போது என் மனதில் வரும் எண்ணங்களை எழுதக்கூட முடியாது. பாஸ்டரம்மாவிடம் சொன்னேன், “சிஸ்டர், ஜெபியுங்க” என்று முடித்துவிட்டார்கள்.

தினம் ராத்திரி ஒரு நோட்டில் என் பாவங்களை எழுதி, அறிக்கை செய்துவிட்டுத்தான் படுக்கிறேன். நேற்று எழுதியது: “நாத்தனார் போன் செய்தும் சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை, கோபம் வந்தது. அவர் ஞாயிறு ஆராதனையில் போன் பார்த்தார், கோபம் வந்தது. பாஸ்டரம்மா என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள், கசப்பு வந்தது.”

வீட்டில் துணை இல்லை. அவருக்கு ஆவிக்குரிய காரியம் எதிலும் நாட்டம் கிடையாது. பெரியவள் காலேஜ், அவள் உலகம் வேறு. சின்னவள் மட்டும்தான் என் பக்கம், எட்டாவது படிக்கிறாள். என்னைப் பார்த்து அவளும் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். ராத்திரி என்னை எழுப்பி “அம்மா, இதுவும் பாவமா, இதுக்கும் மன்னிப்பு கேக்கணுமா” என்று திரும்பத் திரும்பக் கேட்பாள், இந்த வயதில் இப்படி ஒரு பயபக்தியா என்று எனக்கே ஆச்சரியம். பைபிளைத் தொடுவதற்கு முன் கை கழுவுவாள், சந்தேகம் வந்து மறுபடி கழுவுவாள், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. மெட்ரோ வாட்டர் வராத நாளில் குடத்துத் தண்ணீரைக் காலி பண்ணுகிறாள் என்று அவர் கத்துகிறார். போன வாரம் அவள் நோட்டைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டுவிட்டு, “புள்ளையைக் கெடுக்கிற நீ” என்று என்னைச் சொன்னார். ஊழியத்துக்குப் போகக்கூடிய பிள்ளையை இப்படித் தடுக்கிறாரே என்று அழுதேன்.

சங்கிலி போனது போகட்டும் அம்மா. அது பெரிதில்லை. ஆனால் ஒரு வார்த்தை, “அண்ணி, அதை நான் வைச்சுக்கிட்டேன்” என்று அவள் சொல்லியிருக்கலாமே? அதுதான் ஆறவில்லை. 21 நாள் உபவாசம் இருக்கலாமா, முழு இரவு ஜெபம் செய்யலாமா? என்ன செய்தால் என் இருதயம் சுத்தமாகும்? நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம்,
தண்டையார்பேட்டை

---

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வாஞ்சை உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது நான் சங்கிலியைத் தாண்டி, மைக்கைத் தாண்டி, சின்னவளைப் பற்றி எழுதிய நான்கு வரியிலேயே நின்றுவிட்டேன். அதனால் இந்தப் பதிலில் முதல் இடம் அவளுக்குத்தான்.

சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். தோல் உரியும்வரை கை கழுவுவது, கழுவிய பிறகும் சுத்தமாகவில்லை என்று தோன்றுவது, பாவமா பாவமா என்று ராத்திரி எழுப்பிக் கேட்பது, இவை எல்லாம் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வந்தால் அதற்குப் பயபக்தி என்று பெயர் வைத்துவிட்டு இருக்க முடியாது. ஓசிடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், எண்ணச் சுழற்சி நோய். அது பக்தியுள்ள வீட்டில் பக்தியின் உருவத்திலேயே வருவது உண்டு. அவளுக்கு அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

அந்தப் பிள்ளைக்குள் நடப்பது என்னவென்று சொல்கிறேன். வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வரும். 1978-ல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர்வரை, அசிங்கமான, பயங்கரமான எண்ணங்கள் கூப்பிடாமலே தங்கள் மனதில் வந்துபோவதாகச் சொன்னார்கள். வந்ததை “சீ, என்ன இது” என்று விட்டுவிட்டு மற்றவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். இந்தச் சிக்கலில் மாட்டியவரால் அது முடியாது. “இது ஏன் எனக்கு வந்தது, அப்படியென்றால் நான் கெட்டவளா” என்று பிடித்துக்கொள்கிறார். பயம் தணிய எதையாவது செய்கிறார், கழுவுகிறார், எழுதுகிறார், அம்மாவை எழுப்புகிறார். நீங்களும் “சரிம்மா, இயேசப்பா மன்னிச்சிட்டார், தூங்கு” என்பீர்கள். பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம், “நான் சரியாகத்தான் மன்னிப்புக் கேட்டேனா?” ஒவ்வொரு முறை நிம்மதி கிடைக்கும்போதும், கேட்டால்தான், கழுவினால்தான் பயம் போகும் என்று மனம் கற்றுக்கொள்கிறது. நீங்கள் அன்போடு சொல்கிற பதில்தான் அடுத்த கேள்வியைக் கூட்டி வருகிறது. அதனால்தான் அவள் கேள்விகள் குறையாமல் இருக்கின்றன.

இது தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. அம்மா நோட்டு எழுதுவதால் மட்டும் பிள்ளைக்கு ஓசிடி வந்துவிடாது, அதற்கு உடம்பிலேயே வேர்கள் உண்டு. ஆனால் அவள் பயத்துக்கு ஒரு பாஷையும் ஒரு நோட்டும் உங்களிடமிருந்து கிடைத்திருக்கிறது. அதை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம். நோட்டைப் பிடுங்கிய விதம் தப்பு, கத்தியது தப்பு. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை தவிக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். தண்ணீர் காலியாவதை அவர் கவனித்தார். ஆவிக்குரிய காரியத்தில் நாட்டமில்லாதவர் என்று அவரை எழுதி வைத்துவிட்டதால், அவர் சொன்னதில் இருந்த அக்கறை உங்கள் காதில் விழவில்லை.

அதே காரணத்துக்காகத்தான் உங்கள் நோட்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பாவங்களை எழுதுவதாகச் சொல்லி நீங்கள் காட்டிய மூன்று வரியையும் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் நாத்தனார் செய்தது, இரண்டாவதில் கணவர் செய்தது, மூன்றாவதில் பாஸ்டரம்மா செய்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் “கோபம் வந்தது”, “கசப்பு வந்தது” என்று உங்களைப் பற்றி இரண்டே வார்த்தை. இது பாவ அறிக்கை இல்லை சகோதரி. அவர்கள் உங்களுக்கு வைத்த பாக்கியை ராத்திரிதோறும் புதுப்பிக்கிறீர்கள். சொத்தைப் பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி சங்கிலியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது எப்படி ஆறும்?

மன்னித்துவிட்டேன் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் சொல்லாமல் அடக்கியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. பாஸ்டரம்மாவிடம் பேசியிருக்கிறீர்கள், எனக்கு எழுதியிருக்கிறீர்கள், கர்த்தரிடம் தினமும் சொல்கிறீர்கள். நாத்தனாரிடம் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால்” என்று தொடங்கி, அவனிடத்தில் போய்த் தனியாகப் பேசு என்றுதான் மத்தேயு 18-ல் கர்த்தர் சொல்கிறார். மனதுக்குள் வைத்துக்கொண்டு சிரித்துச் சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் என்ன தூரம்? ஒரு நாள் போய், “அந்தச் சங்கிலி எங்கம்மா போட்டது. நீ கேட்காம வைச்சுக்கிட்டது எனக்கு வலிக்குது” என்று சொல்லுங்கள். அவள் கொடுப்பாளோ மாட்டாளோ. கொடுக்காவிட்டால், அன்றைக்கு நீங்கள் மன்னிப்பது நிஜ மன்னிப்பாக இருக்கும். வாய்விட்டுக் கேட்பதால் இருதயம் அழுக்காகாது, கேட்காமல் ஒரு வருஷம் சுமந்ததில்தான் கசப்பு ஊறியது.

மைக் விஷயம் எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது. பொறாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் பாதி கரைந்துவிடும்.

சுவரில் ஒட்டியிருக்கும் வசனத்துக்கு வருவோம். தேவனைத் தரிசிப்பார்கள் என்பதுதான் அதிலுள்ள வாக்குத்தத்தம். அந்த வசனத்தில் கண் தேவனை நோக்கிப் போகிறது. நீங்களோ ராத்திரி பகல் உங்கள் இருதயத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் கறை இருக்கிறதா, இன்னும் இருக்கிறதா என்று. 1505-ல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரத்து மடத்தில் சேர்ந்த, பிற்பாடு சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், வெளியே வந்ததும் விட்டுப்போனது ஞாபகம் வந்து தவிப்பார். அவருக்கு மூத்தவராக இருந்த ஸ்டௌபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார். அந்த மனிதருக்கு நன்றிக்கடன் பட்டிருப்பதாக லூத்தர் கடைசிவரை சொன்னார்.

தாவீதும் 51-ம் சங்கீதத்தில் “சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்றுதான் கேட்கிறான். நான் சுத்தமாக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. இயேசு சொன்ன உவமையில் ஆலயத்துக்குப் போன ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், ஒரே வரியில் ஜெபம் செய்தான், “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” சொல்லிவிட்டு நீதிமானாக வீட்டுக்குப் போனான். சரியாகக் கேட்டேனா என்று பாதி வழியில் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. கை கழுவாமல் சாப்பிட்ட சீஷர்களைப் பரிசேயர்கள் குற்றம் பிடித்தபோது கர்த்தர் யார் பக்கம் நின்றார் என்று மாற்கு 7-ல் படித்திருப்பீர்கள். “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” என்கிறார் யோவான். குற்றம் சொல்கிற இருதயத்துக்கு மேலே ஒருவர் இருக்கிறார், தீர்ப்பு அவருடையது. உங்களுக்கு நான் கொடுக்க விரும்பும் வசனம் இது.

ஆனால் இந்த வசனங்களை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னவளிடம் காட்டாதீர்கள். அதுவும் அவளுக்குப் பத்து நிமிஷ நிம்மதியாகத்தான் முடியும். அவள் எழுப்பிக் கேட்டால், “இது அந்தப் பயம் கேக்கிற கேள்விடா. இதுக்கு அம்மா பதில் சொல்லப் போறதில்லை. உன் பக்கத்துல படுத்துக்கறேன், வா” என்று சொல்லுங்கள். திட்டாதீர்கள், குழாயை மூடாதீர்கள், கழுவுவதைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவர் வழி சொல்வார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கி, கழுவாமலும் கேட்காமலும் இருக்கக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை இதற்கென்றே இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநலப் பிரிவில் காட்டுங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்றாலோ, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி எதையாவது சொன்னாலோ, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

21 நாள் உபவாசம் இப்போது வேண்டாம். நோட்டும் வேண்டாம். நீங்கள் நிறுத்தினால்தான் அவளுக்கு நிறுத்தத் தைரியம் வரும்.

பாஸ்டரிடம் சொல்லுங்கள், சபையார் ஜெபிக்கட்டும். ஆனால் இது பிசாசின் போராட்டம் என்று யாராவது அவளை நடுவில் உட்காரவைத்துத் தலையில் கைவைத்துச் சத்தம் போட வந்தால், அம்மாவாக நீங்கள் எழுந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தான் கெட்டவள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை அது.

இந்த வாரமே போங்கள். தனியாகப் போகாதீர்கள். அவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லி மூன்று பேருமாகப் போங்கள், கேட்டால் வருவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.