ஓட்டத்தை நிறுத்திவிடவா?

வணக்கம்.

எனக்கு வயது 42. இரண்டு வருடமாகக் காலையில் ஓடுகிறேன், வாரத்துக்கு 20 கிலோமீட்டர் போல. அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்ததும் ஒரே மாதத்தில் அதை 35 ஆக்கினேன். இப்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலி. படி இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகம். வீக்கம் இல்லை. ‘ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும், விட்டுவிடு’ என்கிறார்கள் வீட்டில். நிறுத்திவிடவா?

கே.

அன்புள்ள கே.,

நிறுத்த வேண்டாம். 20இலிருந்து ஒரே மாதத்தில் 35க்குத் தாவினீர்கள் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிவிடுகிறோம்.

நீங்கள் சொல்வது ஓட்டக்காரர்களுக்குச் சில்லைச் சுற்றி வரும் வலி, ‘ரன்னர்ஸ் நீ’ (runner's knee) போலத் தெரிகிறது. கால் மடங்க மடங்க, சில்லு தொடை எலும்பின்மேல் அழுந்துவது கூடும். படி இறங்கும்போது வலிப்பது அதனால்தான். அதை வைத்து மூட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017இல் வந்த ஒரு கட்டுரையில், உங்களைப்போல ஆசைக்கு ஓடுபவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருந்தது. ஓடாதவர்களில் அது சுமார் 10 சதவீதம். போட்டிக்கென்றே ஓடுபவர்களில் 13. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள் என்று வீட்டில் மடக்கலாம், அதுவும் நியாயம்தான். ஆனாலும் ஓடினாலே தேயும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

முழு ஓய்வெடுத்தால் வலி போகும். திரும்ப ஓடினால் வந்துவிடும், ஏனென்றால் இடையில் தொடை இன்னும் வலுவிழந்திருக்கும். ஆகவே தூரத்தை 20க்கும் கீழே இறக்குங்கள். சரிவில் ஓடாதீர்கள், வேக ஓட்டமும் இப்போதைக்கு வேண்டாம். பத்துக்கு இரண்டு, மூன்று அளவில் வலித்து, மறுநாள் காலை அடங்கிவிட்டால் தொடரலாம். அடங்கவில்லையா, இன்னும் குறையுங்கள். அப்புறம், காலை எட்டி வைக்காமல் அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளைக் கூட்டிப் பாருங்கள்: 160 என்றால் 170. முழங்காலுக்குப் போகும் சுமை குறையும்.

எல்லோரும் டபாய்ப்பது தசைப் பயிற்சியைத்தான். முன்தொடைக்கும் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கும் வாரம் மூன்று நாள் செய்யுங்கள்: சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். முழங்காலில் மாட்டும் உறையும் (knee cap) புது ஷூவும் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம் என்பதால் முதலில் அங்கே போகிறோம்!

மூட்டு வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ, நடக்கையில் முழங்கால் நழுவினாலோ, ராத்திரி வலி தூங்கவிடாவிட்டாலோ இந்தப் பதிலை மறந்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அரை மாரத்தான் எப்போது என்று எழுதவில்லையே. இரண்டு மாதத்துக்குள் என்றால், 10 கிலோமீட்டருக்கு மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.