கட்சி தராத 5 லட்சமும் நீங்கள் காட்டாத 10 லட்சமும்

கேள்வி: நான் ஒரு சிறிய கட்சியின் ஒன்றியச் செயலாளர். சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நிற்கச் சொல்லித் தலைவரே போனில் கேட்டார். செலவுக்குக் கட்சி 10 லட்சம் தரும் என்று மாவட்டச் செயலாளரை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார். 2 லட்சம் வங்கியில் வந்தது. 3 லட்சத்தை மாவட்டச் செயலாளர் ரொக்கமாகக் கொண்டுவந்து தந்தார். மீதி 5 லட்சம் வரவே இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்து ஆறரை லட்சம் செலவழித்தேன். தலைவர் பேச வருவதாகச் சொன்ன நாளில் பந்தல் போட்டு இரவு பத்து மணி வரை காத்திருந்தோம், அவர் வரவில்லை. டெபாசிட்டும் போனது. இப்போது யாரும் போன் எடுப்பதில்லை. பிரஸ்காரருக்கு 1,40,000, வேன்காரருக்கு 60,000 பாக்கி. தினமும் வாசலில் வந்து நிற்கிறார்கள். கட்சி மீது சிவில் வழக்கும், தலைவர் மீது மோசடிப் புகாரும் போடலாமா? செலவுக் கணக்கைக் கட்சி ஆடிட்டர் 3,10,000 என்று எழுதித் தாக்கல் செய்துவிட்டார். அதுபற்றி கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, ஆடிட்டரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அடுத்து ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கும் எண்ணமும் உண்டு.

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதம் ஐந்து பக்கம். அதில் நாலே முக்கால் பக்கம் தலைவரைப் பற்றியது. எனக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் சொன்ன இரண்டு வரி. கணக்கு 3,10,000 என்று போயிருக்கிறது, கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உங்கள் வழக்கு அதுதான். மற்றதெல்லாம் மனக்குறை. அதில் நியாயம் இருக்கலாம், ஆனால் நீதிமன்றத்தில் அதற்கு விலை கிடையாது.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். வாய்மொழியாகக் கொடுத்த வாக்கை வைத்து 5 லட்சம் வசூலிப்பது கடினம். தேர்தலில் நிற்பதற்குப் பணம் தருகிறேன் என்பது கடன் அல்ல, கூலியும் அல்ல. இதில் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டா என்பதிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு வருடம் ஓட்டுவார். கட்சி என்பது கம்பெனி மாதிரித் தனிச் சட்ட உருவமாகவும் இருப்பதில்லை. யாரைப் பிரதிவாதியாகப் போடுவது என்பதற்கே ஒரு தகராறு நடக்கும். மோசடிப் புகார் நிற்க வேண்டுமானால், வாக்குக் கொடுத்த அன்றே தரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டும். 5 லட்சம் கொடுத்துவிட்டு 5 லட்சம் கொடுக்காதவரிடம் அதைக் காட்ட முடியாது.

தலைவர் ஏன் அப்படி வாக்குக் கொடுத்தார் என்றும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சி தன் வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே பொதுச் சின்னம் கேட்டால், மொத்தத் தொகுதிகளில் குறைந்தது 5 சதவீதத்தில் ஆள் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கு அது 12. பன்னிரண்டு பேரைத் தேடும் தலைவர் பன்னிரண்டு பேரிடமும் இதே 10 லட்சத்தைத்தான் சொல்லியிருப்பார்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

நீங்கள் வழக்குப் போட்டால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? கட்சி 5 லட்சம் தந்தது, நான் ஆறரை லட்சம் போட்டேன், இன்னும் 2 லட்சம் பாக்கி இருக்கிறது, ஆக மொத்தம் பதின்மூன்றரை லட்சம் என்று எழுதுவீர்கள். கீழே கையெழுத்துப் போட்டு உண்மை என்று உறுதியும் சொல்வீர்கள். ஆனால் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் 3,10,000தான் செலவு என்று ஏற்கனவே பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்குச் சாட்சியே வேண்டாம். உங்கள் மனுவின் நகலை எடுத்து ஒரு உறையில் போட்டுத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பினால் போதும். இப்படி வேட்பாளர் தானே எழுதிய வாக்குமூலத்தில் மாட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வழக்கைத் திரும்பப் பெற்றாலும் மனுவில் எழுதியது எழுதியதுதான்.

இதில் எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்காக. சட்டமன்றத் தொகுதிக்கான வேட்பாளர் செலவு உச்சவரம்பைத் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு 2022-இல் 40 லட்சமாக உயர்த்தினார்கள். பதின்மூன்றரை லட்சத்தை அப்படியே காட்டியிருந்தாலும் வரம்புக்கு வெகு கீழே இருந்திருப்பீர்கள். மறைக்க உங்களுக்குக் காரணமே இல்லை. காரணம் இருந்தது கட்சிக்கு. அந்த 3 லட்சம் ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடை வாங்கினாலே கட்சியின் வருமான வரி விலக்குக்கு ஆபத்து. வேட்பாளருக்குக் கொடுக்கும் மொத்தத் தொகையையும் வங்கி வழியாகத்தான் தர வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ஆகவே அவர்களுடைய ஆடிட்டர் அவர்களுக்கு எது வசதியோ அதை எழுதினார். கையெழுத்து மட்டும் உங்களுடையது.

வேட்புமனு கொடுத்தபோது உங்களுக்கு ஒரு பதிவேடு தந்தார்களே, நினைவிருக்கிறதா? வெள்ளைப் பக்கங்களில் அன்றாடச் செலவு, ரோஸ் பக்கங்களில் ரொக்கம், மஞ்சள் பக்கங்களில் வங்கிக் கணக்கு. உங்கள் பதிவேட்டின் ரோஸ் பக்கத்தில் அந்த 3 லட்சம் இருக்காது என்று பார்க்காமலே சொல்வேன். ஆனால் அதிகாரிகள் உங்கள் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. வீடியோக் குழு எடுத்த படத்தை வைத்து நாற்காலி, மைக் செட், மேடை, கொடி என்று எண்ணி, மாவட்ட விலைப்பட்டியல்படி அவர்களே ஒரு நிழல் பதிவேடு எழுதுகிறார்கள். தலைவர் வராமல் போன அந்தக் கூட்டத்தின் பந்தலும் அதில் இருக்கும். தலைவர் வந்திருந்தால்கூட, அவர் பெயர் முறைப்படி கொடுத்த நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் இருந்தால், அவருடைய பயணச் செலவுக்குத்தான் விலக்கு. பந்தல், மேடை எல்லாம் வேட்பாளர் தலையில்தான் விழும். வராத தலைவருக்குப் போட்ட பந்தலுக்கும் அதே கதி.

பிரஸ்காரர் விஷயம் இன்னும் மோசம். தேர்தல் சுவரொட்டி, துண்டறிக்கை எதை அச்சடித்தாலும் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை அச்சகம் வாங்க வேண்டும். அதையும் அச்சடித்ததன் பிரதியையும் அச்சகமே மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பிரதி, என்ன விலை என்பதும் சேர்ந்தே போகும். பிரஸ்காரர் ஒழுங்கானவர் என்றால் உங்கள் 1,40,000 ரூபாய் கலெக்டர் அலுவலகத்துக்கு எப்போதோ தெரியும். அவர் பாக்கிக்காக உங்கள் மீது வழக்குப் போட்டால் அந்த பில் நீதிமன்றப் பதிவிலும் ஏறும். இன்னும் பணம் கொடுக்கவில்லையே, அது எப்படிச் செலவாகும் என்று கேட்காதீர்கள். கொடுத்த பணம் மட்டுமல்ல, கொடுக்க ஒப்புக்கொண்ட பணமும் செலவுதான். பாக்கி யாருக்கு, எவ்வளவு என்று எழுதக் கணக்கிலேயே தனிக் கட்டம் இருக்கிறது.

இப்போது கட்சியின் பக்கம். உங்களைப் போன்ற வேட்பாளர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். கட்சியும் தனியாகக் கணக்குக் கொடுக்கிறது. எந்த வேட்பாளருக்கு எவ்வளவு தந்தோம் என்ற அறிக்கை முடிவு வந்த 30 நாளில், முழுச் செலவு அறிக்கை சட்டமன்றத் தேர்தலுக்கு 75 நாளில். உங்கள் பெயருக்கு நேரே அவர்கள் எழுதியிருக்கும் தொகை 2 லட்சமா, 5 லட்சமா, 10 லட்சமா? 10 என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சில உதிரிக் கட்சிகளில் காசோலையாக நன்கொடை வாங்கி, கமிஷன் கழித்துக்கொண்டு ரொக்கமாகத் திருப்பித் தரும் வேலை நடக்கிறது. அப்படித் திரும்பிப் போன பணத்துக்கு ஏட்டில் ஒரு செலவு காட்ட வேண்டுமே, அதற்கு வேட்பாளர்கள் வசதி. நீங்கள்தான் கட்சி வேட்பாளர் என்று அறிவிக்கும் பி படிவத்தைத் தரும்போது ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று ரசீதுகளில் கையெழுத்து வாங்கினார்களா? வாங்கியிருந்தால் அதை எனக்கு எழுதவில்லை நீங்கள். உங்கள் வக்கீலிடமாவது சொல்லுங்கள்.

இன்னொன்று. வங்கியில் வந்த அந்த 2 லட்சம் உங்கள் மைத்துனர் கட்சிக்குக் காசோலையாகக் கொடுத்த பணம்தான் என்றும், அவர் வரிச்சலுகை வாங்கிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்சிக்கு நன்கொடை கொடுப்பது குற்றமல்ல. ஆனால் இதுபோன்ற நன்கொடைகளுக்கான வரிக்கழிவுகளை வருமான வரித்துறை துருவிக்கொண்டிருக்கிறது. கட்சி ரசீதும் வங்கிப் பதிவும் அவரிடம் இருக்கின்றனவா என்று இன்றே கேளுங்கள். உங்கள் வழக்கால் முதலில் வீட்டுக்கு நோட்டீஸ் வருவது அவருக்காக இருக்கலாம்.

தண்டனை என்ன என்று கேட்பீர்கள். உரிய காலத்தில், உரிய முறையில் கணக்குக் கொடுக்கத் தவறி, அதற்கு நியாயமான காரணமும் இல்லையென்றால் தேர்தல் ஆணையம் மூன்று வருடத்துக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு. தேதிக்குள் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கணக்கு உண்மையா என்பதையும் ஆணையம் விசாரிக்கலாம் என்று மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவாண் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி எம்.எல்.ஏ.வுக்கு நிற்கப் போவதில்லை, எனக்கென்ன என்றும் இருக்க முடியாது. சட்டமன்றத் தேர்தலுக்குத் தகுதியிழந்தவர் ஊராட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது, அரசியலமைப்பின் 243எஃப் பிரிவே அப்படிச் சொல்கிறது. நீங்கள் கனவு காணும் ஊராட்சித் தலைவர் நாற்காலி இந்த ஆடிட்டர் எழுதப்போகும் பதிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கலெக்டர் அலுவலகக் கடிதத்தை ஆடிட்டரிடமிருந்து முதலில் திருப்பி வாங்குங்கள். அவர் கட்சியின் ஆள். கட்சிக்கும் உங்களுக்கும் நலன் மோதும் இடத்தில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று உங்களுக்கே தெரியும். தேர்தல் வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலை வைத்து, விளக்கத்தோடு திருத்திய கணக்கைக் கொடுங்கள். அந்த 3 லட்சம் ரொக்கத்தையும் காட்டுங்கள். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த இனங்கள் இருந்தால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அது குறைதான், ஆனால் பிடிபட்ட பிறகும் பொய்க்கணக்கில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து முடிவு வந்த நாள் வரையிலான செலவுதான் கணக்கு. அதற்கு முன்பு கட்சி வேலைக்காகச் செலவழித்ததும் உங்கள் ஆறரை லட்சத்தில் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள். முன்பே அச்சடித்துப் பிறகு ஒட்டிய போஸ்டரைப் பிரிக்க முயல வேண்டாம், அது கணக்கில்தான் வரும். ஆணையத்திடமிருந்தே காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 20 நாள்தான், அதைத் தவறவிடாதீர்கள்.

கட்சியோடு சமரசத்துக்குப் போங்கள். 5 லட்சத்தை மறந்துவிடுங்கள். பிரஸ், வேன் பாக்கி 2 லட்சத்தையாவது தரச்சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எழுதிய தேதிகளைப் பார்த்தால் கட்சியின் 75 நாள் கெடு இன்னும் முடியவில்லை. அதற்குள் வங்கி வழியாகக் கொடுத்து அவர்கள் அறிக்கையிலும் உங்கள் திருத்திய கணக்கிலும் ஒரே தொகையாகக் காட்டுவது இருதரப்புக்கும் நல்லது என்பதைத் தலைவருக்குப் புரியவைக்க முடியும். மாவட்டச் செயலாளரை நடுவில் வைக்காமல் நேரில் பேசுங்கள். பணம் தராவிட்டால் ரொக்க விஷயத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். கோபத்தில் அனுப்பிய அப்படியொரு செய்தியால் பணம் கேட்டுப் போனவர் மிரட்டிப் பணம் பறிக்கும் வழக்கில் எதிரியாகி முன்ஜாமீனுக்கு அலைவார். அவர்கள் அரை லட்சம்தான் தருவோம் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஸ்காரரிடமும் வேன்காரரிடமும் தவணை பேசி, வங்கி வழியாகவே கொடுத்து முடியுங்கள். அவர்கள் தெரிந்தவர்கள்தான், முன்தேதி போட்டு ரசீது தருகிறேன் என்பார்கள். கொடுத்த தேதியைப் போட்டே வாங்குங்கள்.